இருபத்துநாலு கிராம்

அத்தியாயம் 9

“ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன். குளிருச்சுன்னா ரெண்டு பேரும் ஒட்டி நின்னுக்குங்க,” என்று சொல்லிவிட்டு அதெல்மோ கழியை ஊன்றித் தள்ளினார். தட்டைத் தோணி மூடுபனிக்குள் போய் மறைந்தது.

எர்மெஸ் அது போன பக்கத்தையே எட்டி எட்டிப் பார்த்தான்.

அவர்கள் நின்றுகொண்டிருந்தது காயலின் நடுவே சேற்றில் புதைத்த ஒரு சிமென்ட் பீப்பாய். உள்ளே நிற்க மட்டும்தான் இடம். விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண்தான் தெரியும். அதையும் நாணல் கட்டி மறைத்திருந்தார்கள். வாத்து வேட்டைக்காரன் உள்ளே இறங்கி நின்றால் தலையும் தோளும் மட்டும் வெளியே இருக்கும். பீப்பாயைத் தாண்டிக் காலை வைத்தால் சேறு இடுப்புவரை இழுத்துக்கொள்ளும். தோணி பக்கத்தில் நின்றால் வாத்து இறங்காது என்பதால், தோணிக்காரர் ஆளை இறக்கிவிட்டுப் போய்விடுவார். திரும்பி வரும்வரை உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். இத்தாலியின் போ நதி கடலில் கலக்கும் அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் வேட்டையாடினார்கள்.

ஒரு பீப்பாய்க்கு ஒரு ஆள் என்பது கணக்கு. இன்று இரண்டு பேர். அதில் ஒருவன் எர்மெஸ் என்பதால் இரண்டரை என்றே வைத்துக்கொள்ளலாம்.

“சிஞ்ஞோரா, ஒரு சின்ன விண்ணப்பம். அடுத்த கேஸை ஏதாவது ஹோட்டல்ல உட்கார்ந்து துப்பு துலக்கலாமா? மேஜை, நாற்காலி, அடுப்பு…”

“அடுத்த கேஸை,” என்றாள் யோலே சமரித்தானி. “இப்ப என் காலை மிதிக்காம நில்லு.”

யோலேவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஃபெராரா நீதிமன்றத்தில் முப்பது வருஷம் சாட்சிகளின் வாக்குமூலத்தை எழுதியவள். பொய் சொல்கிறவன் எந்த இடத்தில் எச்சில் விழுங்குவான் என்பது அவளுக்கு அத்துப்படி. ஓய்வு பெற்றதும் வீட்டில் பூனை வளர்க்காமல் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். எர்மெஸ் அவளுடைய கார் ஓட்டுநர், எடுபிடி. ‘சிஞ்ஞோரா’ என்று மரியாதையாக ‘அம்மா’ போட்டுக்கொண்டே வாங்குகிற சம்பளத்துக்கு மேலே பேசுகிறவன்.

ஆனால் இந்தக் கேஸில் அவன் வாய் சிரித்த அளவுக்கு மனசு சிரிக்கவில்லை. சிறையில் கிடப்பவன் அவன் தங்கை ஒரியெல்லாவின் புருஷன்.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன், சீசனின் முதல் வேட்டை நாளில், லோரிஸ் இதே பீப்பாயில் நின்றான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ஆசைப்பட்டு ஒரு புத்தம்புது செமி-ஆட்டோமேட்டிக் துப்பாக்கி வாங்கி, அட்டைப்பெட்டியைப் பிரித்த கையோடு கொண்டுவந்திருந்தான். அடுத்த பீப்பாயில் வேட்டைச் சங்கத் தலைவர் நெரியோ ஃபெலெத்தி. விடிந்து கொஞ்ச நேரத்தில் நெரியோ கழுத்தில் துப்பாக்கி ரவை பாய்ந்து செத்துக்கிடந்தார். முந்தின வாரம்தான் மதுக்கடையில் லோரிஸும் அவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே பார்த்திருந்தது.

காயலின் காவல்காரர் அதெல்மோ சத்தியம் செய்து சாட்சி சொன்னார்: “லோரிஸோட பீப்பாயிலேர்ந்து ஒரே மூச்சுல மூணு வெடி. போய்ப் பார்த்தேன். பீப்பாய்க்குள்ள மூணு காலித் தோட்டா கெடந்தது. நான் எதையும் தொடலை.”

லோரிஸ் சொன்னது: “நான் ஒரே ஒரு தடவைதான் சுட்டேன். அதுவும் ஒரு கிளுவை வாத்தை. அதுக்கப்புறம் துப்பாக்கி சிக்கிக்கிச்சு. யாரோ அலறினாங்க. அதுக்கு மேல எனக்கு எதுவும் ஞாபகமில்லை.”

அவனை யாரும் நம்பவில்லை. ஆய்வுக்கூட அறிக்கை கிறிஸ்துமஸ் தாண்டித்தான் வரும். லோரிஸைச் சிறையிலேயே வைப்பதா என்று நீதிபதி வியாழக்கிழமை முடிவு சொல்லப்போகிறார். இன்று செவ்வாய். ஒரியெல்லா அழுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எர்மெஸுக்கு அதிகப் பயமாக இருந்தது.

யோலே கையில் எடுத்தது ஒரே ஒரு நூல்முனை. லோரிஸ் அந்தப் புதுத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டாவைப் போட்டான்?

நேற்று மாலை கொடிகோரோவில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ஃபெர்னாந்தாவிடம் போய்க் கேட்டார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இருபத்துநாலு கிராம்! புதுத் துப்பாக்கிங்கறது புதுச் செருப்பு மாதிரி, முதல்ல கடிக்கத்தான் கடிக்கும். உள்ளே ஸ்பிரிங் எல்லாம் விறைப்பா இருக்கும். முதல் அம்பது வெடிக்கு முப்பத்தாறு கிராம் ரவை உள்ள தோட்டாவைப் போட்டுப் பழக்கணும். அந்த உதைதான் போல்ட்டைப் பின்னால தள்ளி, காலியைத் துப்பி, அடுத்ததை ஏத்தும். பழகிட்டா அப்புறம் எதைக் கொடுத்தாலும் தின்னும். முதல் நாளே இருபத்துநாலைப் போட்டா ஒண்ணே ஒண்ணு வெடிக்கும். அப்புறம் முரண்டு பிடிச்சுக்கிட்டு நிக்கும்.”

“இதை லோரிஸ்கிட்ட சொன்னீங்களா?” என்றாள் யோலே.

“தொண்டை வறளச் சொன்னேன். தோள் வலிக்கும்னு மஞ்சள் பெட்டியை வாங்கிட்டுப் போனான். பஸ் ஓட்டற தோளாம்!”

யோலே அதே மாடலில் பிரிக்காத துப்பாக்கி ஒன்றையும், லோரிஸ் வாங்கியது போலவே மஞ்சள் பெட்டி ஒன்றையும் கேட்டு வாங்கினாள். இருபத்தைந்து தோட்டா. ஃபெர்னாந்தா கூடவே ஒரு பச்சைப் பெட்டியையும் தள்ளினாள். முப்பத்தாறு கிராம். “இது இல்லாம என் கடையிலேர்ந்து புதுத் துப்பாக்கி வாசல் தாண்டாது,” என்றாள். யோலே அதை வாங்கித் திறந்து பார்த்தாள், மூடினாள், எர்மெஸிடம் கொடுத்தாள்.

லோரிஸின் பீப்பாயில் நின்று பார்க்க வேண்டும் என்று சொல்லி இவர்கள் இன்று காலையில் தோணியில் ஏறியதும் அதெல்மோவின் கண் அந்தப் பச்சைப் பெட்டி மேல்தான் விழுந்தது.

“முப்பத்தாறு கிராமா? ஐயோ, தோளைக் கழட்டிக் கையில கொடுத்துடும். எங்கிட்ட கொடுத்துடுப்பா, எனக்கு உபயோகப்படும். பதிலுக்கு இதை வெச்சுக்கோ.” தோணியின் அடியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து நீட்டினார். வினிகரில் ஊறப்போட்ட விலாங்கு மீன்.

எர்மெஸ் வேட்டைக்காரன் இல்லை. சாப்பாட்டுக்காரன். பெட்டியைக் கொடுத்துவிட்டு ஜாடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கைமாறும்போது பெட்டி லொடலொடவென்று ஆடியது. ஃபெர்னாந்தா சரியாக நிரப்பிக்கூடத் தரமாட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். யோலே குளிருக்கு வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வழியில் ஒரு பீப்பாயின் ஓரமாகப் பழைய காலித் தோட்டா ஒன்று மிதந்தது. அதெல்மோ வானிலை பற்றிப் பேசிக்கொண்டே, அந்தப் பக்கம் பார்க்கக்கூடச் செய்யாமல், கைவலையால் அதை அள்ளி அந்தப் பீப்பாய்க்குள் போட்டார்.

“தண்ணியில ஒண்ணு மிதந்தாலும் எனக்குத்தான் அபராதம். அவங்கவங்க குப்பையை அவங்கவங்கதான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும். நாப்பது வருஷமா கத்தறேன், எவன் கேக்கறான்?”

“அண்ணே,” என்றாள் யோலே சாதாரணமாக. “லோரிஸோட துப்பாக்கி சிக்கிக்கிச்சுன்னு சொல்றானே, அப்ப போலீஸ் கைக்குப் போகும்போது அது காலியா இருந்துச்சே. சிக்கின தோட்டாவை எடுத்தது யாரு?”

அதெல்மோவின் கழி ஒரு விநாடி தண்ணீருக்கு மேலேயே நின்றது. “சிக்கினாத்தானே எடுக்கறதுக்கு?” என்றார். கழி மறுபடி இறங்கியது.

இவ்வளவும் நடந்த பிறகுதான் அவர்களைப் பீப்பாயில் இறக்கிவிட்டு அவர் போனது.

“சரி, ஆரம்பி,” என்றாள் யோலே.

எர்மெஸ் மூன்று மஞ்சள் தோட்டாக்களைத் துப்பாக்கிக்குள் தள்ளினான். வானத்தைப் பார்த்து விசையை இழுத்தான். டமால். மறுபடி இழுத்தான். ஒன்றும் இல்லை. போல்ட் பாதியில் நின்றிருந்தது. காலித் தோட்டா வெளியேயும் வராமல் உள்ளேயும் போகாமல் வாயில் மாட்டிக்கொண்டிருந்தது.

“சிக்கிடுச்சு!” எர்மெஸ் கத்தினான். “சிஞ்ஞோரா, சிக்கிடுச்சு! மச்சான் பொய் சொல்லலை! அந்தக் கழுதைக்கு ஒரு முத்தம் கொடுக்கணும்!”

“கழுதையை வெளியே எடுத்தப்புறம் கொடு. போல்ட்டைக் கையால இழு.”

இழுத்தான். காலி கழன்று அவன் காலடியில் பொத்தென்று விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொன்றையும் கையால்தான் பிடுங்க வேண்டியிருந்தது. நான்காவது தோட்டாவைக் கீழே குனிந்து எடுத்தபோது எர்மெஸ் அப்படியே நின்றான்.

“பூட்ஸ் நனையுது.”

பீப்பாயின் விளிம்பில் ஒரு விரிசல் வழியாகத் தண்ணீர் நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாண் இருந்த விளிம்பு இப்போது நாலு விரல்தான் இருந்தது.

“கடல் ஏறுதா?”

“கடல் ஏறினா இந்தக் காயலுக்கு என்ன வந்தது? சுத்திலும் கரை கட்டியிருக்கு. உள்ளே வர ஒரே ஒரு மதகுதான்.” யோலே நாணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அதோட சாவி ஒரே ஒருத்தர்கிட்டதான்.”

எர்மெஸுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. சாட்சி சொன்னவன்தான் கொலைகாரன். கொண்டுவந்து இறக்கியவனே தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறான். இனி அதெல்மோவுக்கு நாமும் ‘அவர்’ போடுவதற்கில்லை.

கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. இந்தக் காயலில் எந்த நாளும் இருந்ததில்லை.

“கத்தலாமா?”

“பனியில உன் குரல் ஐம்பதடி போகும். வாத்துதான் வந்து பார்க்கும்.”

“நீந்தலாமா?”

“சேத்துலயா?”

“அப்ப சாகலாமா?”

“அதுக்கு இன்னும் நேரமிருக்கு,” என்றாள் யோலே.

தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. மூழ்கிச் சாக வேண்டியதில்லை. பீப்பாய் நிரம்பினால் யோலேவுக்கு மார்பளவு, குள்ளனான எர்மெஸுக்குக் கழுத்தளவு. அதில் ஒரு மணி நேரம் நின்றால் குளிரே ஆளை முடித்துவிடும். அப்புறம் அதெல்மோ வந்து, தொப்பியைக் கழற்றி மாரில் வைத்துக்கொண்டு, மதகு உடைந்துவிட்டது என்று அழுவான். லோரிஸின் துப்பாக்கி சிக்கியது என்று சொல்ல உலகத்தில் ஆளே இருக்காது. எர்மெஸுக்கு ஒரியெல்லாவின் முகம் கண்ணுக்கு முன் வந்தது. பயத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

“சிஞ்ஞோரா, இன்னைக்கு செவ்வாய்க்கிழமை!” என்றான் திடீரென்று.

“அதனால?”

“செவ்வாயும் வெள்ளியும் நாடு பூரா வேட்டைக்குத் தடை! இன்னைக்கு ஒரு வெடி கேட்டாக்கூட வனக் காவல்காரங்க மோட்டார் படகை எடுத்துக்கிட்டு ஓடி வருவாங்க. கொலைக்கு ஆறு மணி நேரம் கழிச்சு வர்றவங்க செவ்வாய்க்கிழமை வெடிக்கு ஆறு நிமிஷத்துல வருவாங்க!”

யோலே தலையை ஆட்டவில்லை. “மூணு வெடி வெடிச்சாச்சே, யாராவது வந்தாங்களா? அதோ, கேளு.”

தூரத்தில் தொம் என்று ஒரு சத்தம். நீர்க்காகங்கள் மீனைத் தின்னாமல் விரட்டுவதற்கு மீன் பண்ணைக்காரர்கள் கரையில் வைத்திருக்கும் கேஸ் பீரங்கி. ரெண்டு நிமிஷத்துக்கு ஒன்று தானாகவே வெடித்துக்கொண்டிருக்கும்.

“ஒத்தை வெடி கேட்டா அதுன்னுதான் நினைப்பாங்க. ஒரே மூச்சுல மூணு வெடிச்சாத்தான் துப்பாக்கின்னு தெரியும்.”

எர்மெஸ் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தான். ஒரே மூச்சில் மூன்று. அதைத்தான் இது செய்யமாட்டேன் என்கிறது. மச்சானைக் காப்பாற்றப்போகும் முரண்டு மச்சானின் மச்சானைக் கொன்றுகொண்டிருந்தது. முப்பத்தாறு கிராம் பெட்டி ஒன்று இருந்தால் போதும். அந்தப் பெட்டியை அவன் ஒரு ஜாடி விலாங்குக்கு விற்றிருந்தான்.

“என்னைத் திட்டுங்க சிஞ்ஞோரா. வாய்விட்டுத் திட்டுங்க.”

“அப்புறமா. இப்ப சுடு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு.”

“பிரயோஜனம்?”

“சுட்டுக்கிட்டே இரு எர்மெஸ். கடைசித் தோட்டா வரைக்கும்.”

சுட்டான். பிடுங்கினான். சுட்டான். பிடுங்கினான். பத்தாவதில் விரல் மரத்துப்போயிற்று. பதினைந்தாவதில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. வேகமாகப் பிடுங்கி மூன்றை ஒட்டினாற்போல் வெடிக்கப் பார்த்தான். மரத்த விரல் வழுக்கி இரண்டுக்கு நடுவே ஒரு ஜெபமே சொல்லலாம் போல் இடைவெளி விழுந்தது. தோள் வீங்கிவிட்டது. இருபத்துநாலு கிராமே இப்படி என்றால் லோரிஸ் பயந்ததில் தப்பில்லை என்று அந்த நிலைமையிலும் தோன்றியது.

பத்தொன்பதாவது காலி தண்ணீரில் விழுந்தபோது யோலே குனிந்து ஒரு கை அள்ளினாள். அவர்கள் முழங்காலைச் சுற்றி மஞ்சள் காலித் தோட்டாக்கள் மிதந்துகொண்டிருந்தன.

“இதைப் பார்த்தியா?”

“பார்க்காம? எங்க வீட்டுக் குழம்புல இவ்வளவு காய் போடமாட்டாங்க.”

“எல்லாமே உள்ளே கிடக்கு. ஏன்னா நீ கையால பிடுங்கின. துப்பாக்கி தானே துப்பியிருந்தா எங்கே போய் விழும்?”

எர்மெஸ் யோசித்தான். “வலது பக்கமா ரெண்டு கஜம் பறந்து… தண்ணியில.”

“அதேதான். ஒரே மூச்சுல மூணு வெடிச்சிருந்தா காலி மூணும் வெளியே காயல்ல மிதக்கணும். காலி மூணும் பீப்பாய்க்குள்ள இருந்திருந்தா அது ஒரே மூச்சுல வெடிச்சதா இருக்க முடியாது. அந்த ஆள் ரெண்டையும் சேர்த்து சத்தியம் பண்ணியிருக்கார். நெரியோவைத் தோணியிலேர்ந்து சுட்டது ரெண்டு வெடி. நல்லாப் பழகின பழைய துப்பாக்கி, காலி ரெண்டும் தண்ணியில பறந்திருக்கு. அதை அள்ளிட்டு வந்து லோரிஸோட பீப்பாய்க்குள்ள போட்டு, சிக்கி நின்ன ஒண்ணையும் பிடுங்கிப் போட்டு, வெடிக்காத மிச்சத்தைத் தன் பையில போட்டிருக்கார். ரெண்டும் ஒண்ணும் மூணு.”

“பிரமாதம்,” என்றான் எர்மெஸ் பல் கிடுகிடுக்க. “இதை எழுதி ஜாடிக்குள்ள போட்டு மூடி மிதக்கவிடலாம். நம்ம சவத்தோட சேர்த்துக் கண்டுபிடிப்பாங்க.”

“சுடு.”

இருபத்தைந்தாவது வெடி வெடித்தபோது தண்ணீர் விளிம்பைத் தாண்டிச் சுற்றிலும் சீராக உள்ளே விழ ஆரம்பித்தது. தொடை, இடுப்பு, வயிறு. எர்மெஸுக்கு மூச்சு முட்டியது. மஞ்சள் பெட்டி காலி. யோலே அவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.

“இனிமே பேசாதே. மூச்சு விடற சத்தம்கூட வேண்டாம்.”

“ஏன்?”

“ஒரு ஆள் எண்ணிக்கிட்டிருக்கார்.”

அவர்கள் காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று எர்மெஸுக்குத் தெரியவில்லை. தண்ணீர் அவன் மாருக்கு வந்தது. ஒரியெல்லாவுக்குச் சின்ன வயதில் சைக்கிள் கற்றுக்கொடுத்தது ஞாபகம் வந்தது. விழுந்தால் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பிடிக்காமல் விட்ட அண்ணன் அவன். இந்தத் தடவையும் விட்டுவிட்டேனே என்று நினைத்தபோது கண்ணீர் சூடாக இறங்கியது. முகத்தில் அது ஒன்றுதான் சூடு.

பனிக்குள்ளிருந்து கழி சேற்றில் ஊன்றும் சத்தம் வந்தது. தோணி பதினைந்தடி தூரத்தில் நின்றது. அதெல்மோ அவசரப்படாமல் கழியின் மேல் சாய்ந்துகொண்டு நின்றான்.

“இருபத்தஞ்சு,” என்றான். “ஒரு பெட்டி முடிஞ்சுது.”

“எங்களை ஏத்திக்கோ அண்ணே!” என்று எர்மெஸ் கத்தினான்.

“அந்த மதகு பழசுப்பா. யார் என்ன பண்றது?” அவன் குரலில் கோபம்கூட இல்லை. “துப்பாக்கியை இறக்குங்க சிஞ்ஞோரா. கை வலிக்கும். அதுல தோட்டா இருந்தாலும் ஒண்ணுக்கு மேல வெடிக்காது. புதுசுக்கு இருபத்துநாலு கிராமைப் போட்டா முரண்டு பிடிக்கும்னு இந்தக் காயல்ல வாத்துக்குக்கூடத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியுமா அது?” என்றாள் யோலே.

“நாப்பது வருஷமாத் தெரியும்.”

“அப்ப லோரிஸ் ஒரே மூச்சுல மூணு எப்படிச் சுட்டான்?”

அதெல்மோ எச்சில் விழுங்கினான். முப்பது வருஷம் யோலே பார்த்த அதே இடத்தில்.

“யார்கிட்ட போய்ச் சொல்லப்போறீங்க?” என்றான் கடைசியில். “இந்தத் தண்ணியை நாப்பது வருஷம் காத்தவன் நான். விலாங்குக் குஞ்சு நாலு கூடை எடுத்துட்டேன்னு அந்த நெரியோ ஒரே வார்த்தையில என்னை வெளியே போன்னான். வெளியே எங்கே போறது? எனக்கு வெளியேன்னு ஒண்ணு இருக்கா?”

“இல்லைதான்,” என்றாள் யோலே. அவள் குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. “எர்மெஸ், காலையில அந்தப் பச்சைப் பெட்டி ஏன் லொடலொடன்னு ஆடுச்சுன்னு நினைச்சே?”

அவள் வலது கை கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்து துப்பாக்கியின் அடியில் மூன்று தடவை அசைந்தது. ஈரம் புகாத பச்சைத் தோட்டாக்கள். முப்பத்தாறு கிராம். துப்பாக்கி வானத்தைப் பார்த்தது.

டமால் டமால் டமால்.

ஒரே மூச்சு. துப்பாக்கி ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. மூன்று பச்சைக் காலிகள் வலது பக்கமாகப் பறந்து காயலில் விழுந்து மிதந்தன.

அதெல்மோவின் முகம் வெளுத்துப்போயிற்று.

“வெச்சுக்கிட்டே இவ்வளவு நேரம்…” எர்மெஸ் தோளைப் பிடித்துக்கொண்டான். “என் தோள்! இருபத்தஞ்சு தடவை! முதல்லயே சுட்டிருக்கலாமே சிஞ்ஞோரா!”

“முதல்லயே சுட்டிருந்தா வனக் காவல் வந்திருக்கும், இவர் வந்திருக்கமாட்டார். பெட்டி காலின்னு நிச்சயமாத் தெரியாம இவர் பக்கத்துல வருவாரா? அதோட, உன் இருபத்தஞ்சுல ஸ்பிரிங்கும் கொஞ்சம் இளகியிருக்கும். முப்பத்தாறும் சிக்கிடுச்சுன்னா என்ன பண்றதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறல்தான்.” யோலே துப்பாக்கியைத் தோணியின் பக்கம் திருப்பினாள். “கிட்ட வராதீங்க அண்ணே. இன்னும் எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. போன தடவை தப்பா எண்ணிட்டீங்க.”

அவளிடம் இன்னொன்று இல்லை. அது எர்மெஸுக்குத் தெரியும். பச்சைப் பெட்டி லேசாகத்தான் ஆடியது. அவன் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தான்.

அதெல்மோ கிட்டேயும் வரவில்லை, ஓடவும் இல்லை. ஓடினால் அதுவே சாட்சியாகிவிடும். தண்ணீர் எர்மெஸின் தோளுக்கு வந்தபோது பனிக்கு அப்பால் மோட்டார் சத்தம் கேட்டது.

அடுத்த விநாடி அதெல்மோ வேறு ஆளாக மாறினான். “இங்கே! இங்கே வாங்க!” என்று கத்தினான். “மதகு உடைஞ்சுபோச்சு! ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க!” தோணியைத் தள்ளிக்கொண்டு வந்து எர்மெஸின் காலரைப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே போட்டான். யோலேவுக்கும் கை கொடுத்தான். காப்பாற்றுகிறவனின் பதற்றம் அவ்வளவும் அவன் முகத்தில் இருந்தது. எர்மெஸே ஒரு கணம் நம்பிவிட்டான்.

வனக் காவல் படகு பனியைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. முன்னால் நின்றவள் பெயர் வந்தா த்ரொம்பீனி. நெரியோ செத்த அன்றும் முதலில் வந்து வாக்குமூலம் வாங்கிய அதிகாரி.

“செவ்வாய்க்கிழமை எவன் சுட்டது?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

“நான்தான்,” என்றாள் யோலே. நீலம் பாரித்த உதட்டோடு தோணியின் அடியில் உட்கார்ந்திருந்தாள். “அபராதம் எழுதுங்க. அதுக்கு முன்னால ஒரு நிமிஷம் சும்மா நின்னு பாருங்க.”

“எதை?”

யோலே கண்ணால் அதெல்மோவைக் காட்டினாள். அதெல்மோ படபடவென்று பேசிக்கொண்டிருந்தான். மதகின் பலகை எப்படி உளுத்திருந்தது, சங்கத்துக்கு எத்தனை தடவை எழுதிப்போட்டான், வெடிச்சத்தம் கேட்டதும் எப்படி ஓடி வந்தான். பேசிக்கொண்டே கழியை மாற்றிப் பிடித்தான். பேசிக்கொண்டே, அந்தப் பக்கம் பார்க்கக்கூடச் செய்யாமல், கைவலையை நீட்டி மிதந்துகொண்டிருந்த மூன்று பச்சைக் காலிகளையும் அள்ளினான். மூழ்கிக் கிடந்த பீப்பாய்க்கு நேர் மேலே வலையைக் கவிழ்த்தான்.

இருபத்தைந்து மஞ்சளுக்கு நடுவே மூன்று பச்சை மிதந்தது.

பேச்சு நின்றது. அவன் தன் கையைப் பார்த்தான், வலையைப் பார்த்தான், பிறகு வந்தாவைப் பார்த்தான்.

“அதெல்மோ,” என்றாள் வந்தா மெதுவாக. “அன்னைக்கு நீங்க எதையும் தொடலைன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணீங்க.”

“தண்ணியில கெடந்தா எடுக்கணும்ல,” என்றான் அதெல்மோ. நாற்பது வருஷமாக எல்லோரிடமும் சொன்ன அதே குரலில் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கழியைத் தோணிக்குள் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

யாரோ எர்மெஸின் மேல் ஒரு கம்பளியைப் போர்த்தினார்கள். அவன் வந்தாவிடம் கையை நீட்டினான். விரல் இன்னும் மடங்கவில்லை.

“உங்க ரேடியோவைக் கொஞ்சம் கொடுங்க. என் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை சொல்லணும்.”